துரைக்குப் பசியில்லை

அரபிக்கடல் ஒருநாள் காலையில் காணாமல் போய்விட்டால் யாரும் பதற வேண்டாம். சின்னக்கானலுக்கு ஒரு ஜீப் பிடித்து வந்தால் போதும். எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசையில் மூன்றாவது வீடு. கதவைத் தட்டி ராமுத்தாய் அத்தையிடம் கேட்டால் கடல் எங்கே போனது, யாரோடு கோபித்துக்கொண்டு போனது, போகும்போது வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்டதா என்பது வரைக்கும் சொல்லிவிடுவாள். கப்பல் ஓட்டுகிறவர்களுக்கும் வலை வீசுகிறவர்களுக்கும் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரியும். இத்தனைக்கும் அவள் கடலைப் பார்த்தது ஒரே தடவை. கல்யாணமான புதிதில், திருச்செந்தூரில். அப்போதும் கணுக்காலுக்கு மேலே நனைய விடவில்லை.

தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு அவள் முன்னறையில் நின்று, நாலடிக் கண்ணாடி மீன் தொட்டியின் மேல் புறங்கையை வைத்துக் காய்ச்சல் பார்ப்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். உதடு எதையோ எண்ணும். "ஒரு நூலு கம்மியா இருக்கு" என்று சொல்லி ஹீட்டரின் திருகை ஒரு நூல் திருப்புவாள். தொட்டிக்குள்ளேயே ஒரு தெர்மாமீட்டர் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்க்க மாட்டாள். கேட்டால், "அது ரிசார்ட்டுலருந்து வந்தது. டூரிஸ்ட்டுகிட்ட பொய் சொல்லிப் பழகுனது" என்பாள்.

உப்பும் அப்படித்தான். கொச்சியிலிருந்து வரும் கடல் உப்பு மூட்டையைப் பிரித்து, டிரம்மில் தண்ணீர் கலக்கி, சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைப்பாள். "கொழம்புக்கு மேல, கருவாட்டுக்குக் கீழ." இதுதான் அவள் கணக்கு. அடிமாலியில் அலங்கார மீன் கடை வைத்திருக்கும் ஜோமோன் ஒருமுறை உப்பு அளக்கும் கருவியோடு வந்து அந்தத் தண்ணீரைச் சோதித்தான். கருவியைக் குலுக்கினான். மறுபடி சோதித்தான். பிறகு கருவியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சேச்சியோட நாக்க எனக்கு வாடகைக்குத் தருமோ?" என்று கேட்டான்.

அத்தைக்கு உத்தியோகம் எஸ்டேட் கிரஷ்ஷில். கொழுந்தெடுக்கப் போகும் அம்மாக்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவார்களே, அங்கே இருபத்து நாலு வருஷமாக ஆயா. நானும் அவள் கையில் பால் குடித்துத் துப்பிய பிள்ளைதான். நிஜமாகவே உடம்பு முடியாத பிள்ளை எது, நடிக்கிற பிள்ளை எது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள் என்று எஸ்டேட் முழுக்கப் பேர். ஒருமுறை டிஸ்பென்சரி நர்ஸ் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்த பிள்ளையை, "இது காய்ச்சல் இல்ல, அடுப்புக்கிட்ட நெத்தியக் காட்டிட்டு வந்துருக்கு" என்று திருப்பி அனுப்பினாள். பிள்ளை ஒப்புக்கொண்டது. நர்ஸ் ரொம்ப நாள் ஒப்புக்கொள்ளவில்லை.

தொட்டி வந்த கதை சின்னது. அவள் வீட்டுக்காரர் முனீஸ்வரன் மாமா ஒரு ரிசார்ட்டில் தோட்டக்காரர். அங்கே வரவேற்பறையில் இருந்தது இந்தத் தொட்டி. ரிசார்ட் கைமாறியதும் புது முதலாளி அந்த இடத்தில் செயற்கை அருவி வைக்கப் போவதாகச் சொன்னார். மலையில் திரும்பிய பக்கமெல்லாம் அருவி கொட்டுகிறது, அது போதவில்லை அவருக்கு. வேண்டுமானால் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் மீனைக் கொட்டிவிடுங்கள் என்றார்கள். கொட்டுவது என்ற சொல்லை மாமா வீட்டில் வந்து சொன்னதுதான் தப்பு. அத்தை அன்றைக்கே ஜீப்போடு போய்விட்டாள். தொட்டி ஒரு நடை, பாறைகள் ஒரு நடை. மீன் மட்டும் பழைய ஊறுகாய் வாளியில், அவள் மடியில். தொட்டிக்கு இடம் விட்டு டிவி அடுப்படிக்குப் போனது. இப்போது மாமா மிக்ஸிக்கும் அரிசிப் பானைக்கும் நடுவில் உட்கார்ந்துதான் செய்தி பார்க்கிறார்.

மீன் டாங் என்கிற ஜாதி. உள்ளங்கை அகலம். பக்கவாட்டில் பார்த்தால் தட்டு மாதிரி இருக்கும், நேராகப் பார்த்தால் அட்டை மாதிரி இளைத்துப்போகும். உடம்பு முழுக்கப் பேனா மையின் நீலம். அந்த மை காய்வதற்குள் யாரோ கறுப்பைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்துவிட்டார்கள். வால் மட்டும் மஞ்சள். எங்கள் எஸ்டேட்டில் மேனேஜருக்கு இன்னமும் துரை என்றுதான் பேர். இந்த மீன் விளக்கு போட்டதும் கிளம்பி, இடது கண்ணாடியிலிருந்து வலது கண்ணாடிவரைக்கும் போய், ஒவ்வொரு பாறை இடுக்கிலும் மூக்கை நீட்டிப் பார்த்து, யார் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத் திரும்பும். தொட்டியில் வேறு யாருமே கிடையாது. ஆனாலும் விசாரிக்கும். "இது நம்ம தொரையேதான்" என்றார் மாமா. பேர் நிலைத்துவிட்டது.

நிலைத்ததால் ஒருநாள் வம்பு வந்தது. கிரஷ் வாசலில் நின்று அத்தை இன்னொரு ஆயாவிடம், "தொரைக்கு நேத்துலருந்து வெளிக்கே போகல. நீளமா ஒண்ணு போய்ட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் நிஜத் துரை, சோதனைக்கு வந்தவர், கையில் ரிஜிஸ்தரோடு நின்றிருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் அவர் பங்களாவில் பப்பாளிப்பழம் வாங்கினார்களாம். இது நான் கிளப்பிவிட்ட வதந்தி. ஆனால் எல்லோரும் நம்பினார்கள்.

துரையின் நடத்தைகளுக்கு அத்தை தரும் விளக்கங்களைப் புத்தகமாகப் போட்டால் மீன் படிப்பு படித்தவர்கள் எல்லாம் வேலையை விட வேண்டியிருக்கும். வந்த இரண்டாம் நாளே அது பாறை இடுக்கில் பக்கவாட்டில் சாய்ந்து, செத்துக் கிடப்பதுபோலக் கிடந்தது. மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்து, வீட்டுப் பின்பக்கம் குழி வெட்டவே ஆரம்பித்துவிட்டார். அத்தை மூக்கு தொட்டியில் படக் குனிந்து பார்த்தாள். "மண்வெட்டியக் கீழ போடுங்க. கள்ளத்தூக்கம். செவுள் ஆடுது பாருங்க. மத்தியானம் படுக்க மாட்டேன்னு அடம்பிடிக்குற பிள்ளைய அதட்டுனா இப்படித்தான் கெடக்கும்." அரைமணி நேரத்தில் துரை எழுந்து ரவுண்டுக்குப் போய்விட்டது. குழி வீணாகவில்லை, சேம்பு நட்டார்கள்.

விளக்கை அணைத்தால் அதன் நீலம் வெளுத்துப்போகும். "சட்டையக் கழட்டிட்டுப் படுக்குது." புது ஆள் வந்தால் பாறைக்குப் பின்னால் பாயும். "கூச்சம். நாலு நாள் பழகணும்." வால் தொடங்கும் இடத்தில், இரண்டு பக்கமும் பேனாக்கத்தி முனைபோல ஒரு முள் மடங்கி இருக்கிறது. பாறை கழுவும்போது அது அவள் கையைக் கோடு போட்டதுபோல அறுத்தது. ரத்தத்தைப் பார்த்து நான் அலறினேன். அத்தை மஞ்சள் பொடியை அப்பிக்கொண்டே, "பல்லு மொளைக்குற பிள்ளை கடிக்கத்தான் செய்யும். நீ கடிச்ச தழும்பு இந்தா இன்னும் இருக்கு" என்று முழங்கையைக் காட்டினாள்.

நாள் முழுக்க அது பாறையில் படரும் பச்சையைக் கொத்திக்கொண்டே இருக்கும். ஒரு கொத்து, ஒரு நகர்வு, ஒரு கொத்து. அத்தை அதைப் பார்த்து, "கொழுந்தெடுக்குறா மாதிரியே இல்ல? என்ன, எடை போட ஆள் இல்ல, அவ்வளவுதான்" என்பாள். துரைக்கு அந்தப் பச்சை மட்டும் போதாது. சாயங்காலம் கிரஷ்ஷிலிருந்து வந்ததும் வெந்நீரில் போட்டெடுத்த பசலைக்கீரையைத் துணி காயப்போடும் கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுவாள். அவள் காப்பி போட்டு முடிப்பதற்குள் கிளிப் காலியாகிவிடும்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் தொட்டிக்குக் கம்பளி போர்த்துவாள். வெந்நீர் நிரப்பிய பாட்டில்களை உள்ளே மிதக்க விடுவாள். பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாய் ஒன்று இருக்கிறது, அது பெருங்காய டப்பாவுக்குள் தேனீயை அடைத்த மாதிரிச் சத்தம் போடும். போர்த்துவது மாமாவின் கம்பளி. "எனக்குக் குளுருது" என்று மாமா முணுமுணுத்தால், "ஒங்களுக்கென்ன, நீங்க இந்த மலையிலேயே பொறந்தவரு. அது பொறந்த எடம் வேற" என்று பதில் வரும்.

இப்படி ஒருத்தி மீனைப் புரிந்துவைத்திருந்தால், என்னைப்போல ஒருத்திக்குக் கை அரிக்குமா அரிக்காதா? பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதிவிட்டு, அதே ரிசார்ட் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருப்பவள் நான். மூளை சும்மா கிடந்தது. ஒருநாள், வாரத்துக்கு ஒருதடவை மட்டும் சவரம் பண்ணும் மாமாவின் சவரக் கண்ணாடியை எடுத்து, தொட்டியின் இடது பக்கம், சுவரை ஒட்டிய இடுக்கில், வெளிப்புறமாக டேப் போட்டு ஒட்டினேன்.

துரை ரவுண்டு வந்தது. கண்ணாடியில் இன்னொரு துரையைப் பார்த்தது. ஓர் எஸ்டேட்டுக்கு இரண்டு துரை இருக்க முடியுமா? துடுப்பு முழுக்க விரித்து, பக்கவாட்டில் திரும்பி, வாலை வீசி அடித்தது. அந்தத் துரையும் அடித்தது. அன்றைக்குப் பூராவும் அடிதடி.

அத்தை கைகட்டி நின்று பார்த்து ஒரு முடிவுக்கு வந்தாள். இடது பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் பவுல்ராஜ் அண்ணன் வீடு. அவர் சாயங்காலம் சாயங்காலம் ஆர்மோனியம் இல்லாமல் ஜெபப்பாட்டு பாடுவார். அத்தை நேரே அவர் வாசலுக்குப் போனாள்.

"பவுல்ராஜண்ணே, ஒங்க பாட்டு தொரைக்கு ஆகல."

"ஆண்டவர் பாட்டு யாருக்கும்மா ஆகாது?"

"பாட்டு நல்ல பாட்டுதான். ஒங்க தொண்டையத்தான் சொல்லுதேன்."

பாவம் மனுஷன், முணுமுணுப்பாகக் குறைத்தார். துரை அடித்துக்கொண்டேயிருந்தது. மறுநாள் அத்தை மறுபடி போனாள். அவர் உதட்டை மட்டும் அசைத்துப் பாடினார். நான் தேயிலைச் செடிக்குள் படுத்துச் சிரித்தேன், வயிறு பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. துரையின் மூக்கில் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. முதுகுத் துடுப்பு ஓரம் கிழிந்திருந்தது. பாறைக்கடியில் நெருக்கிக்கொண்டு கிடந்தது, செவுள் வேகமாக அடித்தது. அது நடிப்பு இல்லை என்று எனக்கே தெரிந்தது. கண்ணாடியைப் பிய்த்து எடுத்துத் துடைத்து, மாமாவின் ஆணியிலேயே மாட்டிவிட்டேன். அன்று சாயங்காலம் அத்தை லயம் முழுக்கச் சொன்னாள்: "பாத்தியளா, பவுல்ராஜண்ணன் வாய மூடுனதும் சரியாப்போச்சு." அவர் அதற்குப் பிறகு பாடவே இல்லை.

மறுநாளிலிருந்து நான் மத்தியானம் அத்தை வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். எனக்கு இரண்டிலிருந்து நாலு மணிவரை ஓய்வு. அத்தையும் மாமாவும் வேலையில் இருப்பார்கள். சாவி ஜன்னல் மேலே இருப்பது லயத்துக்கே தெரியும். ரிசார்ட் அடுப்படியில் ஜப்பான்காரர்கள் சோற்றைச் சுற்றிச் சாப்பிடும் கறுப்புக் கடல்பாசித் தாள் உண்டு. ஈரம் பட்டுச் சுருண்டதைச் சமையல்காரர் தூக்கிப் போட்டுவிடுவார். அதைத்தான் கிழித்துக் கொண்டுபோனேன். முதல் நாள் துரை பாறைக்குப் பின்னாலிருந்து என்னை முறைத்தது. மூன்றாம் நாள் விரல் நுனியிலிருந்து பிடுங்கித் தின்றது. ஐந்தாம் நாள் சாவி திரும்பும் சத்தத்துக்கே மேலே வந்து வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி என் முகத்தில் துப்பியது. மூக்குக் காயம் ஆறிக்கொண்டு வந்தது. கொஞ்சம் காயம் மிச்சமிருக்கிறது, அது ஆறும்வரை போகலாம் என்று நினைத்தேன். ஆறிய பிறகும் போனேன்.

இந்தக் கூத்தில் அத்தையின் கீரை கிளிப்பிலேயே தொங்கியது.

முதல் நாள், "கோவிச்சுக்கிச்சு" என்றாள். இரண்டாம் நாள், "வயித்துல ஏதோ." கிளிப்பைப் பிடித்துக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்து, கிரஷ் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல, "இந்தா, காக்கா பாக்குது பாரு, காக்கா தின்னுப்புடும்" என்று ஜன்னலைக் காட்டினாள். துரை ஜன்னலைப் பார்த்தது, கீரையைப் பார்க்கவில்லை. மிளகாயும் உப்பும் சுற்றிப்போட்டாள். கையில் இருந்த உப்பைப் பார்த்து, "இவ்வளவு உப்புக்குள்ள இருக்குறதுக்கு இந்த உப்பு என்ன செய்யும்" என்று தானே சிரித்தாள். நாலாம் நாளிலிருந்து அவள் எதுவும் சொல்லவில்லை. அத்தை பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

நான் ஊட்டுவதால்தான் அது அவளிடம் தின்னவில்லை என்பது எனக்கு அவ்வளவு நாள் உறைக்கவே இல்லை. உறைத்ததும் போவதை நிறுத்தினேன். துரை அப்போதும் கீரையைத் தொடவில்லை. நல்ல சாப்பாடு வரும் என்று காத்துக் கிடந்தது.

"சோறு தின்னாத பிள்ளை ரெண்டு வகைட்டி" என்றாள் அத்தை ஒரு சாயங்காலம், என்னிடமா தொட்டியிடமா என்று தெரியாமல். "ஒண்ணு நெசமாவே முடியாதது. இன்னொண்ணு பக்கத்து வீட்டுல தின்னுட்டு வந்தது. இது எந்தப் பக்கத்து வீட்டுக்குப் போவும்? நாலு பக்கமும் கண்ணாடி."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சாவியைச் சொல்ல வேண்டும், சவரக் கண்ணாடியைச் சொல்ல வேண்டும், பவுல்ராஜ் அண்ணனைச் சொல்ல வேண்டும். அதைவிட, நான் ஒரு மீனுக்கு ஊட்டிவிட்டேன் என்று லயத்துக்குத் தெரிந்துபோகும். நான் கீரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தை ஜோமோனுக்கு வீடியோ கால் போட்டாள். போனைத் தொட்டியில் ஒட்டிப் பிடித்தாள். அவன் குரல் மட்டும் கேட்டது: "சேச்சி, டாங் தின்னாம இருந்தா பிரச்னமாணு. பத்து நாள் தாங்காது. எங்கிட்ட பெரிய தொட்டி உண்டு, கூட்டாளி மீனும் உண்டு. மத்தது தின்னுறதப் பாத்தா இதும் தின்னும். சனிக்கிழமை ஞான் ஜீப்போட வராம். ஆனா ஒண்ணு, மாத்தி மாத்திக் கொண்டுபோனா செத்துப்போகும். கொடுத்தா கொடுத்ததுதான்."

அத்தை தொட்டியைப் பார்த்தாள். "உசிரோட இருந்தாச் சரி. வா" என்று போனை வைத்தாள்.

சனிக்கிழமை கிரஷ் அரைநாள். மத்தியானம் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். மாமா வரவில்லை, தோட்டத்தில் வேலை என்று சொல்லிவிட்டாராம். அன்றைக்கு அவருக்கு விடுமுறை. தொட்டிப் பக்கத்தில் அந்த ஊறுகாய் வாளி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அத்தை ஒரு நோட்டையும் பேனாவையும் என் கையில் கொடுத்தாள்.

"மலையாளத்துல எழுதுட்டி. ஜோமோன் வாசிக்கணும். ஒங்கையெழுத்து கோழி கெளறுனாப்ல இருந்தாலும் பரவால்ல."

"என்னத்தே எழுத?"

"அதோட பழக்கவழக்கம் பூரா. புது எடத்துல தெரியாம அடிச்சுறப்படாது."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தொட்டியின் வலது பக்கம் உட்கார்ந்தேன். அவள் நடுவில் நின்றுகொண்டு, கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"படுத்துக் கெடந்தா பயப்பட வேண்டாம், நடிப்பு. செவுள் ஆடுதான்னு பாத்தாப் போதும். எழுதிட்டியா? ராத்திரி வெளுத்துப்போகும், சீக்கு இல்ல, லைட்டப் போட்டு எழுப்பக் கூடாது. வலை போட்டுப் பிடிக்கக் கூடாது. வால் முள்ளு மாட்டிக்கிடும், கிழிஞ்சுறும். கிண்ணத்தால கோரி எடுக்கணும். வால் பக்கம் கைய வச்சா அறுக்கும். கோவத்துல இல்ல, பயத்துல. அத நல்லா எழுது, பயத்துலன்னு."

எழுதினேன்.

"மொகம் பாக்குற கண்ணாடிய அதுகிட்ட காட்டக் கூடாது."

பேனா நின்றது.

"என்னட்டி, மை தீந்துபோச்சா? தொரை சண்டைய நிறுத்துன மறுநாள் மாமா சவரம் பண்ணும்போது கண்ணாடி ஓரத்துல டேப்பு பிசினு. வெரல்ல ஒட்டிச்சு. இந்த லயத்துல அந்தக் கோளாறு வேற யாருக்கு வரும்?"

"அப்ப... பவுல்ராஜண்ணன்?"

"அது கெடக்கட்டும். அவரு பாட்டு எனக்கும்தான் ஆகல. நீ எழுது."

நான் எழுதினேன். தலை நிமிரவில்லை. அத்தையின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"கூப்பிட்டா வராது. வரலன்னு திட்டக் கூடாது. பக்கத்துல சும்மா உக்காந்து நம்ம வேலையப் பாத்துக்கிட்டு இருந்தா, ஆள் இருக்குன்னு தெரிஞ்சு அதுவா வெளிய வரும். தெனம் கொஞ்சநேரம் ஆராவது..." அதோடு நிறுத்தி, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "ஆராவது பக்கத்துல உக்காரணும்னு எழுது."

அந்த நேரம் பார்த்துத்தான் துரை பாறைக்குப் பின்னாலிருந்து வந்தது. மணி மூன்று இருக்கும். நேராக வந்தது. நடுவில் அத்தை நிற்கிறாள், அவள் கையில் கிளிப்பில் கீரை ஆடுகிறது. அவளைத் தாண்டியது. என் பக்கத்து மூலைக்கு வந்து, மேலே ஏறி, வாயை வெளியே நீட்டி 'ப்ளக்' என்றது. நான் நோட்டால் முகத்தை மறைத்தேன். மறுபடி 'ப்ளக்'. நோட்டில் தண்ணீர் தெறித்தது.

அத்தை துடைப்பதை நிறுத்தினாள்.

"எந்திரிச்சு அந்தப் பக்கம் போ."

"எழுதிக்கிட்டு இருக்கேன்ல அத்தே."

"போன்னா போ."

இடது பக்கம் போனேன். துரை நாலடியை ஒரே வீச்சில் கடந்து என்னோடு வந்து நின்றது.

"கதவுகிட்ட நில்லு."

நின்றேன். துரை கதவுப் பக்கத்துக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மானம், ரோசம், ரகசியம் எதுவுமே கிடையாது. நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

அத்தை என் முன்னால் வந்து, "கையக் காட்டு" என்றாள். கொடுத்தேன். வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மூக்கருகே வைத்து முகர்ந்தாள். நான் கடைசியாக ஊட்டி மூன்று நாள் ஆகியிருந்தது. ஆனால் காலையில், கடைசி நாளாச்சே என்று, ஒரு தாள் எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கொடுக்கத் தைரியம் வரவில்லை, தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"கடல்பாசி" என்றாள்.

கையை இழுத்துச் சட்டையில் துடைத்தேன்.

"எத்தன நாளா?"

"மூக்கு உரிஞ்ச மறுநாள்லருந்து."

"தெனமுமா?"

"முந்தாநேத்தும் நேத்தும் போகல. நான் போறதாலதான் ஒங்ககிட்ட தின்னலைன்னு..." துரையின் மூக்கைக் காட்டினேன். "அது ஆறட்டும்னுதான் அத்தே போனேன். சும்மாதான்."

"சும்மா" என்றாள் அத்தை. அந்தச் சொல்லையும் ஒருமுறை முகர்ந்து பார்த்ததுபோல இருந்தது.

வெளியே ஜீப் வந்து நின்று ஹாரன் அடித்தது. அத்தை என் காதைப் பிடித்தாள். நன்றாக, ஆணிவேர் வரைக்கும் திருகிப் பிடித்து, என்னைத் தொட்டிவரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். போகிற போக்கிலேயே வாசலைப் பார்த்துக் கத்தினாள்: "ஜோமோனு! இரு, காப்பி போடுதேன், குடிச்சுட்டுப் போ. மீனு எங்கயும் வரல!"

"எந்தா சேச்சி, தின்னுச்சோ?"

"தின்னுக்கிட்டுத்தான் இருந்துருக்கு!"

துரை தண்ணீருக்கு மேலே வாயை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. என் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை அவளே எடுத்து என் கையில் திணித்தாள். நான் கையைத் தண்ணீருக்குக் கொண்டுபோனேன்.

"நில்லு" என்றாள். காதைப் பிடித்த கையை விடவில்லை. இன்னொரு கையால், நனைந்துவிடாமல், என் சட்டைக் கையை முழங்கைவரைக்கும் மடித்துவிட்டாள்.